வண்டியில் பழுது இல்லை

நேற்று மாலை ஆறு மணியோடு என் வேலை முடிந்தது. தென்காசியில் அந்தக் கார் சர்வீஸ் சென்டரின் முன்மேசையிலும் பின்னால் உள்ள பணிமனையிலும் இருபத்தாறு வருடம் இருந்தேன். நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இன்று உங்களில் ஒருவர் உட்கார்ந்திருப்பீர்கள். பிரிவு உபசார விழாவில் என்னைப் பேசச் சொன்னபோது நன்றி என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினேன். சொல்ல வேண்டியதை அந்த மேடையில் சொன்னால் என் குரல் உயர்ந்துவிடும் என்று தெரியும். அதனால் எழுதுகிறேன்.

பிரேக் கட்டை தேய்மானம், ஆயில் மாற்றம் இதையெல்லாம் சொல்லித்தர ஆள் இருக்கிறார்கள். நான் சொல்லப்போவது வாடிக்கையாளர் புகார் என்று ஜாப் கார்டில் ஒரு கட்டம் இருக்கிறதே, அதைப் பற்றி.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அதைக் கையால்தான் நிரப்புவோம். எனக்கு மேலே பணிமனையைக் கவனித்துவந்த ஒர்க்ஸ் மேனேஜர் முன்கோபக்காரர். வண்டியோடு வந்த ஒருவர், மேட்டுல ஏறும்போது வண்டி முனங்குது என்று சொன்னதை நான் எஞ்சின் இழுவைக் குறைவு என்று எழுதியிருந்தேன். கார்டைக் கிழித்து என் கையிலேயே கொடுத்தார். "முனங்குதுன்னு சொன்னாருன்னா முனங்குதுன்னு எழுதுலே. ஒன் படிப்ப அதுல கலக்காத" என்றார். அன்று அந்த முனகலுக்குக் காரணம் எஞ்சினே இல்லை, பின்சக்கரத்து பேரிங். நான் எழுதியிருந்தபடி போயிருந்தால் நாள் முழுவதும் எஞ்சினைப் பிரித்துக்கொண்டிருந்திருப்போம்.

இப்போது கம்ப்யூட்டரில் ஒரு பட்டியல் இருக்கிறது. அதிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் போதும். முனகலுக்கு அதில் இடம் கிடையாது. நான் பட்டியலுக்குப் பழகிக்கொண்டேன். ஆனால் அந்த மேனேஜர் சொன்னதை அடியோடு விட மனம் வராமல், வந்தவர்கள் சொன்ன வார்த்தைகளை வீட்டுக்குப் போய் டைரியில் எழுதிவைப்பேன். நேரம், வண்டி எண்ணின் கடைசி நான்கு இலக்கம், சொன்ன வார்த்தை. ஒரு நாளும் தவறியதில்லை.

இந்த வருடச் சாரல் சீசனுக்கு முன்னால், குற்றாலத்தில் லாட்ஜ் வைத்திருக்கும் ஒருவர் நம் ஷோரூமில் ஏழு பேர் உட்காரும் புது வண்டி எடுத்தார். முன்னால் ஏதாவது குறுக்கிட்டால் தானாகப் பிரேக் போடும். ரோட்டின் வெள்ளைக் கோட்டைத் தாண்டினால் ஸ்டியரிங்கைத் திருப்பிக் கொடுக்கும். ஓட்டுபவரின் கண்ணை ஒரு சின்னக் கேமரா பார்த்துக்கொண்டே இருக்கும். கண் மூடினால் டேஷ்போர்டில் ஒரு காப்பிக் கோப்பைப் படம் வந்து, வண்டி கத்தும். டெலிவரி அன்று நாலு டயருக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்து, மாலை போட்டு, சூடம் காட்டிய பிறகு நம் சேல்ஸ்காரர் சாவியை நீட்டிக்கொண்டே, "அண்ணாச்சி, இனிமே பாதி டிரைவர் வண்டிக்குள்ளயே இருக்காரு" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். லாட்ஜ் முதலாளி மட்டும் சிரிக்கவில்லை. அவர் அதை யோசித்துக்கொண்டிருந்தார் என்பது எட்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது. அவரிடம் இரண்டு டிரைவர்கள் இருந்தார்கள். அதில் ஒருவர் நம் கேட்டில் வந்து வேலை இருக்கிறதா என்று கேட்டார். ஏன் என்று கேட்டேன். புது வண்டிக்கு ஒரு ஆள் போதும் என்று சொல்லி நிறுத்திவிட்டாராம்.

அதாவது, நாம் சாவி கொடுக்கும்போது சொன்ன ஒரு வேடிக்கையை நம்பி ஒருவர் ஒரு மனிதனின் வேலையைப் பறித்தார். மீதி இருந்தவனின் தூக்கத்தையும் பறித்தார். அன்றே அவரைக் கூப்பிட்டு, அந்த வண்டி ஓட்டாது, ஓட்டுபவன் தவறினால் கடைசி நேரத்தில் கொஞ்சம் தாங்கிப் பிடிக்கப் பார்க்கும், அவ்வளவுதான் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. விற்பனை என் துறை இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

மீதி இருந்தவன் பெயர் இசக்கிமுத்து. முப்பத்து நாலு வயது, இரண்டு குழந்தைகள். சாரல் தொடங்கியதும் அவன் நாள் விடியற்காலை ரயிலுக்குத் தென்காசி ஸ்டேஷனில் தொடங்கும். வந்தவர்களை லாட்ஜில் விட்டு, மெயின் அருவி, ஐந்தருவி, பழைய அருவி என்று சுற்றிக் காட்டி, மதிய ரயிலுக்கு வேறு ஒரு குடும்பத்தைக் கொண்டுவந்து, சாயங்காலம் புதிதாக வந்தவர்களோடு திரும்பவும் அருவி. படுக்கும்போது நடுச்சாமம் தாண்டிவிடும்.

ஒரு செவ்வாய்க்கிழமை, மணி 1.40. இசக்கிமுத்து வண்டியோடு வந்தான். அவன் சொன்னதை டைரியில் இருந்தபடியே தருகிறேன்: "கண்ணு லேசா அசந்தாப் போதும் அண்ணாச்சி, கத்துது. கெஸ்ட்டு பயப்படுதாங்க. மொதலாளி ஏசுதாரு."

இதைவிடத் தெளிவாக ஒரு மனிதன் எப்படிச் சொல்ல முடியும்? புகார், காரணம், விளைவு, மூன்றும் அதில் இருக்கின்றன. நான் பட்டியலைத் திறந்து, 'தேவையற்ற எச்சரிக்கை ஒலி' என்பதைத் தேர்ந்தெடுத்தேன். அவன் சொன்னதில் கண் இருந்தது. நான் எழுதியதில் வண்டி மட்டும் இருந்தது.

ஓட்டிப் பார்த்தோம். முதலில் நான் இலஞ்சி வரை ஓட்டினேன். ஒரு சத்தமும் இல்லை. திரும்பும்போது அவனை ஓட்டச் சொன்னேன். 2.05, 2.11, 2.12, 2.19 என்று நான்கு முறை கத்தியது. நாலாவது முறை நான் டேஷ்போர்டைப் பார்க்கவில்லை, அவன் முகத்தைப் பார்த்தேன். இமை இறங்கி, நின்று, ஏறியது. எதிரே ஒரு மினிபஸ் வந்துகொண்டிருந்தது.

ஓரமாக நிறுத்தச் சொன்னேன். "ஏலே, வண்டி சரியாத்தான் சொல்லுது. நீ தூங்குதே."

"தூங்கல அண்ணாச்சி" என்றான். "கண்ணு மட்டுந்தான் மூடுது."

நான் சிரித்துவிட்டேன். அவன் சிரிக்கவில்லை. இன்னொரு தடவை கெஸ்ட்டிடமிருந்து புகார் வந்தால் வேறு ஆள் பார்த்துக்கொள்வேன் என்று முதலாளி சொல்லியிருக்கிறார். இந்தச் சத்தத்தை அவனே நிறுத்தினாலும் அடுத்த முறை வண்டியைக் கிளப்பும்போது தானாக வந்துவிடுகிறது. ஒரேயடியாக நிறுத்த நம் கம்ப்யூட்டர் வேண்டும். அதற்காகத்தான் வந்திருக்கிறான். "பழுதுன்னு எழுதிச் சரிபண்ணிக் குடுங்க. எனக்கு வேல நிக்கணும்" என்றான்.

பணிமனைக்குத் திரும்பியதும் லாட்ஜ் முதலாளி போனில் வந்தார். வண்டியா விற்றீர்கள், பாட்டு வாத்தியாரா விற்றீர்கள் என்று ஆரம்பித்தார். "ஒவ்வொரு கெஸ்ட்டும் எனக்குப் போன் போட்டு, ஒங்க டிரைவர் தூங்குதாரான்னு கேக்கான். லாட்ஜுக்கு மானம் போகுது. அத நிப்பாட்டி விடும்" என்றார்.

ஆமாம் அண்ணாச்சி, தூங்கத்தான் செய்கிறார், இன்னொரு டிரைவரைத் திரும்பக் கூப்பிடுங்கள். நான் சொல்லியிருக்க வேண்டியது இதுதான். வாயில் வந்தது, "பாத்துருதேன் அண்ணாச்சி."

லேப்டாப்பைச் செருகி, மூன்று திரை தாண்டி, ஒரு கட்டத்தில் இருந்த டிக்கை எடுத்தேன். 'செய்த வேலை' என்ற இடத்தில் 'சரி செய்யப்பட்டது' என்று அடித்தேன். நன்றாக வேலை செய்துகொண்டிருந்த ஒன்றைக் கெடுத்துவிட்டு, சரி செய்யப்பட்டது என்று எழுதியிருக்கிறேன். இருபத்தாறு வருடத்தில் நான் எழுதிய ஆயிரக்கணக்கான கார்டுகளில் முழுப் பொய் அது ஒன்றுதான்.

அதோடும் விடவில்லை. அவன் சாவியை வாங்கும்போது மனசு உறுத்தியதால் ஒரு யோசனை சொன்னேன். "தூக்கம் வந்தா ஐந்தருவியில போய்த் தலையக் குடு. எல்லாம் பறந்துரும்." இந்த ஊரில் எல்லாரும் சொல்வதுதான். கேட்பவர்களும் நம்புவார்கள். தண்ணீர் தலையில் விழும்போது யாருக்குத்தான் தூக்கம் வரும்? ஆனால் எண்ணெய் தேய்த்து, அருவியில் அடிபட்டு, வயிறு நிறையச் சாப்பிட்டவர்கள் மதியம் இரண்டரை மணிக்கு என்ன செய்கிறார்கள் என்று குற்றாலத்தில் எந்த லாட்ஜ் வராந்தாவிலாவது நடந்து பாருங்கள். கதவுக்குக் கதவு குறட்டைதான். அந்தக் குளியல் தூக்கத்தை விரட்டுவதில்லை; ஒரு அரைமணி நேரம் வாசலில் நிறுத்திவைத்துவிட்டு, பிறகு மொத்தமாக உள்ளே விடுகிறது. பிறந்ததிலிருந்து இதைப் பார்க்கிறேன். இருந்தும் சொன்னேன்.

ஒன்பது நாள் கழித்து, வியாழக்கிழமை, மணி 2.50. மதிய ரயிலுக்கு ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு குற்றாலத்திலிருந்து தென்காசிக்கு வந்துகொண்டிருந்த வண்டி ரோட்டை விட்டு இடது பக்கம் இறங்கி, ஒரு பழக்கடைக்குள் புகுந்தது. ரம்புட்டானும் மங்குஸ்தானும் கூடையில் வைத்து, நாலு கம்பு நட்டுத் தார்ப்பாய் கட்டிய கடை. வண்டியில் இருந்தவர்களுக்குச் சிராய்ப்புதான். கடைக்கார அம்மாவுக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் முறிந்தது.

5.10-க்கு மீட்பு வண்டி அதை நம் யார்டில் இறக்கியது. டைரியில் எழுதியிருக்கிறேன்: முன் கிரில்லில் ரம்புட்டான் தோல் ஏழு. டிரைவர் சீட்டின் முதுகில் ஈரத்துண்டு. உள்ளே நல்லெண்ணெய் வாசம்.

துண்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினேன். ஏழு மணிக்குப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். நெற்றியில் பிளாஸ்திரியோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தான் இசக்கிமுத்து. என்னைப் பார்த்ததும் எழுந்தான். "நீங்க சொன்ன மாதிரி குளிச்சேன் அண்ணாச்சி" என்றான். குத்திக்காட்டிச் சொல்லவில்லை. தன் பக்கத்தில் ஒரு குறையும் வைக்கவில்லை என்று என்னிடம் கணக்கு ஒப்பிப்பதுபோலச் சொன்னான்.

மூன்று நாள் கழித்துக் கம்பெனியிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்து வண்டியின் பதிவுகளை இறக்கிப் பார்த்தார். நல்ல படிப்பாளி. "சிஸ்டம் நல்லா ரெஸ்பாண்ட் பண்ணியிருக்கு சார்" என்றார். விளக்கியும் சொன்னார். அந்த ரோட்டில் வெள்ளைக் கோடு அழிந்துபோயிருந்ததால் ஸ்டியரிங்கைத் திருப்ப வண்டிக்கு வழி இல்லை. சாரல் தூறிக்கொண்டிருந்ததால் முன்கேமராவுக்குப் பார்வை மங்கல். தார்ப்பாய்க்குக் கீழே கூடைகளுக்கு நடுவில் குனிந்து உட்கார்ந்திருப்பவரை ஆள் என்று அது உடனே அடையாளம் காணவில்லை. கண்டதும் பிரேக் போட்டது. அது இல்லையென்றால் அந்த அம்மா உயிரோடு இருந்திருக்க மாட்டார்.

அவ்வளவும் உண்மை. அதனால்தான் எனக்கு ஆத்திரம் வந்தது. தூங்குகிறான், எழுப்பு என்று அந்த வண்டி ஒரு வாரம் முழுக்கக் கத்தியது. அதன் வாயைக் கட்டியது நாம். வாயைக் கட்டிய பிறகும் கடைசி நொடியில் தன்னால் ஆனதைச் செய்தது. இத்தனை பேரில் தன் வேலையை ஒழுங்காகச் செய்தது அது ஒன்றுதான். சிஸ்டம் எப்படி நடந்துகொண்டது என்று கேட்கத் தனியாக ஒரு இன்ஜினியர் வருகிறார். முதலாளி எப்படி நடந்துகொண்டார், சர்வீஸ் சென்டர் எப்படி நடந்துகொண்டது என்று கேட்க எங்கிருந்தும் யாரும் வருவதில்லை. டிரைவர் தூங்கிவிட்டார் என்று எழுத எல்லாப் படிவத்திலும் இடம் இருக்கிறது. தூங்கவிடாதவர் பெயரை எழுத ஒரு படிவத்திலும் இடம் இல்லை.

முதலாளி போலீஸில் எழுதிக் கொடுத்தது இது: வண்டியில் எந்தக் குறையும் இல்லை, சமீபத்தில்தான் சர்வீஸ் சென்டரில் பார்த்தது, டிரைவர் களைப்பாக இருப்பதாக யாரிடமும் சொன்னதே இல்லை. அதற்கு ஆதாரமாக அவர் வைத்தது என் ஜாப் கார்டு. 'தேவையற்ற எச்சரிக்கை ஒலி. சரி செய்யப்பட்டது.' அந்தக் காகிதத்தைப் படிக்கும் எவரும், சொல்லாமல் கொள்ளாமல் தூங்கிய ஒரு டிரைவரைத்தான் பார்ப்பார்கள். இசக்கிமுத்து சொன்னான். என்னிடம் சொன்னான். அது இருந்தது என் டைரியில் மட்டும்.

இன்சூரன்ஸ் சர்வேயர் விசாரிக்க வருகிறார் என்று தெரிந்ததும் ஷோரூம் மேனேஜர் என்னை அறைக்குள் அழைத்தார். கார்டில் இருப்பதற்கு மேல் எதுவும் பேச வேண்டாம் என்றார். டைரி என் சொந்த விஷயம், அதைக் கம்பெனி விவகாரத்தில் இழுக்க வேண்டாம் என்றார். யோசித்துப் பார்த்தால் அவர் எனக்கு நல்லதுதான் சொன்னார். அந்தப் பக்கத்தைக் காட்டினால் டிரைவர் தூங்குகிறார் என்று தெரிந்தே சத்தத்தை நிறுத்தியவன் நான் என்பதும் வெளியே வரும். நான்கு முறை கத்திய நேரத்தை நிமிஷம் பிசகாமல் எழுதிவைத்தவன் அல்லவா.

மறுநாள் டைரியைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். சர்வேயர் கேட்கும் முன்பே அந்தப் பக்கத்தை விரித்து அவர் முன்னால் வைத்தேன். ஒரு நகலைப் போலீஸ் ஸ்டேஷனிலும் கொடுத்து, நான் செய்ததையும் சேர்த்து எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

இதனால் எல்லாம் நேராகிவிட்டது என்று நினைக்காதீர்கள். வழக்கு நடக்கிறது. முதலாளியையும் என்னையும் இப்போது விசாரணைக்குக் கூப்பிடுகிறார்கள். இசக்கிமுத்துவின் லைசென்ஸை நிறுத்திவைத்திருக்கிறார்கள். புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறான். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வந்து, கடைக்கார அம்மாவின் மகளுக்குத் தார்ப்பாய் கட்டிக் கொடுத்துவிட்டுப் போகிறான். கட்டுப்போட்ட காலோடு அந்த அம்மா பக்கத்தில் ஸ்டூலில் இருப்பார். அவனிடம் பேசுவதில்லை. அவனும் அதை எதிர்பார்ப்பதில்லை. என்னை மாதக் கடைசியோடு கிளம்பச் சொல்லிவிட்டார்கள். ஓய்வு வயதுக்கு இன்னும் இரண்டு வருடம் இருந்தது. பிரிவு உபசார விழாவில் எனக்கு ஏன் சால்வை போட்டார்கள் என்பது உங்களுக்கு இப்போது புரியும்.

இனிதான் நான் உங்களுக்குச் சொல்ல வந்த விஷயம்.

சரியாக ஏழு நாளுக்கு முன்னால், காலை 11.20. அதே வண்டி, புது பம்பரோடு வந்தது. இறங்கியவர் புது டிரைவர். ஐம்பது வயதிருக்கும். முன்பு புளியறை வழியாகக் கேரளாவுக்கு லாரி ஓட்டியவராம். விபத்துக்குப் பிறகு பழுதுபார்த்தபோது, நான் நிறுத்திவைத்த சத்தமும் திரும்ப இயங்க ஆரம்பித்திருக்கிறது. என்ன புகார் என்று கேட்டேன். "சத்தம் வருது. மொதலாளி நிப்பாட்டிட்டு வரச் சொன்னாரு."

என் கை பட்டியலை நோக்கிப் போகவில்லை. "நேத்து எத்தன மணிக்குப் படுத்தீங்க?" என்று கேட்டேன்.

அவர் என்னை ஒரு தினுசாகப் பார்த்தார். பிறகு சொன்னார்: "படுக்க எங்க நேரம்? வண்டியிலயே சாஞ்சு கெடந்தேன். ரெண்டு மணி நேரம் இருக்கும். லாரியில கிளீனர் இருப்பான், பேசிக்கிட்டே வருவான். இங்க வண்டி ஒண்ணுதான் பேசுது. அதையும் நிப்பாட்டணுங்காரு."

ஒரு வெள்ளைத்தாளை எடுத்து அதை அப்படியே எழுதினேன். அதன் கீழே, 'வண்டியில் பழுது இல்லை' என்று எழுதினேன். வாடிக்கையாளர் இதைப் படித்தார் என்பதற்குக் கையெழுத்து என்று ஒரு கோடு போட்டேன். முதலாளியை நேரில் வரச் சொன்னேன்.

12.05-க்கு வந்தார். தாளை இரண்டு முறை படித்தார். "இது என்னது?"

"ஒங்க டிரைவர் சொன்னது. நான் ஒரு வார்த்த கூட்டல."

"நான் சத்தத்த நிப்பாட்டச் சொன்னேன்."

"நல்லா இருக்கத நான் கெடுக்க மாட்டேன் அண்ணாச்சி. ஒரு தடவ கெடுத்தாச்சு. படிச்சேன்னு கையெழுத்துப் போட்டுட்டு வண்டிய எடுத்துட்டுப் போங்க."

தாளை மேசையில் போட்டார். கையெழுத்துப் போடவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை. "ஒமக்கு இங்கன இன்னும் எத்தன நாளு வேல?" என்று கேட்டார்.

"ஆறு நாளு."

"சரி. ஆறு நாளு கழிச்சு வந்துக்கிடுதேன்."

அதுவரை நின்றுகொண்டிருந்த டிரைவர் அந்தத் தாளை எடுத்து, தான் சொன்னதைத் தானே மெதுவாகப் படித்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து முதலாளிக்கு முன்னால் மேசையில் வைத்தார். கேட்டைத் தாண்டி பஸ் ஸ்டாண்ட் பக்கம் நடந்து போனார். முதலாளி சாவியை எடுத்துக்கொண்டு, தானே ஏறி ஓட்டிக்கொண்டு போனார். சீட் பெல்ட் போடச் சொல்லி வண்டி கத்திக்கொண்டே போனது. ரோடு திரும்பும் வரை அந்தச் சத்தம் கேட்டது.

அந்த ஆறு நாள் நேற்றோடு முடிந்தது. முதலாளி சொன்னால் வருகிறவர். இன்றோ நாளையோ வருவார், கூட இன்னொரு டிரைவர் வருவார். வண்டி எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தை மேசையின் மேல் இழுப்பறைக்குள் ஒட்டிவைத்திருக்கிறேன். கையெழுத்தில்லாத அந்தத் தாளும் அங்கேயே இருக்கிறது. மேனேஜர் உங்களிடம் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். போனில் முதலாளி எப்படி ஏசுவார் என்றும் தெரியும். நானும் "பாத்துருதேன் அண்ணாச்சி" என்று சொன்னவன்தான்.

பட்டியலைத் திறப்பதற்கு முன்னால் அந்த டிரைவரை உட்காரச் சொல்லுங்கள். நேற்று எத்தனை மணிக்குப் படுத்தார் என்று கேளுங்கள். அவர் சொல்வதை, சொன்னபடியே எழுதுங்கள்.